சமையற்கூட இயந்திரமும் சமைப்பவர் கைகளும்

தொழிற்பேட்டை என்றதும் நம் நினைவுக்கு வருபவை கடைசல் இயந்திரங்களும் வார்ப்புக் கூடங்களும்தான். அதே வளாகங்களுக்குள், விடிவதற்கு முன்பே இயங்கத் தொடங்கிவிடும் மற்றோர் உற்பத்திக் கூடத்தை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. அதுதான் உணவுக்கூடத்தின் சமையலறை. திருவள்ளூரை அடுத்த காக்களூர் சிட்கோ தொழிற்பேட்டையானாலும், கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகமானாலும், காலை ஷிப்டுக்கு வருவோருக்கு இட்லியும், இரவு ஷிப்டில் இருப்போருக்குச் சப்பாத்தியும் குறித்த நேரத்தில் பரிமாறப்பட்டாக வேண்டும். மாவு அரைக்கும் இயந்திரமோ பிசையும் இயந்திரமோ ஒரு நாள் நின்றுவிட்டால், அந்த நாளின் ஒழுங்கே குலைந்துவிடும்.

இத்தகைய சமையலறைகளின் எண்ணிக்கை இனி கூடப் போகிறது. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 250-க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் பணியாற்றும் ஆலைகளில் உணவுக்கூடம் அமைக்க வழிசெய்தது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த பணிப் பாதுகாப்பு, உடல்நலம் மற்றும் பணிச்சூழல் தொகுப்புச் சட்டம் அந்த எண்ணிக்கையை 100 எனக் குறைத்திருக்கிறது. ஒப்பந்தத் தொழிலாளர்களும் இந்தக் கணக்கில் சேர்வர். இதுவரை வெளியிலிருந்து பொட்டலம் வரவழைத்த நடுத்தர ஆலைகள் பலவும் சொந்தமாகச் சமையலறை அமைக்க வேண்டிய நிலை வரும். அவற்றுக்கு உணவு சமைத்துத் தர முன்வரும் ஒப்பந்ததாரர்களும் மகளிர் சுயஉதவிக் குழுக்களும் முதலீட்டின் கணிசமான பகுதியை இயந்திரங்களில்தான் போடுவார்கள்.

கடைக்குச் செல்பவர் பொதுவாகக் கேட்கும் கேள்விகள் மூன்று. எத்தனை லிட்டர்? எத்தனை குதிரைத்திறன்? என்ன விலை? இந்த மூன்றுக்கும் விடை தெரிந்த பிறகும் தவறான இயந்திரத்தை வாங்கிவிட முடியும். என்ன வேலை, எவ்வளவு நேரம், பழுதானால் என்ன இழப்பு, இயக்குபவருக்கு என்ன ஆபத்து என்னும் நான்கு கேள்விகளையும் கேட்ட பின்னரே விலைக்கு வர வேண்டும் என்பது என் கருத்து.

காக்களூருக்கும் அரைக்கும் இயந்திரத்துக்கும் ஒரு வரலாற்றுத் தொடர்பு உண்டு. விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறி வழங்கும் திட்டத்தை அன்றைய முதல்வர் ஜெயலலிதா 2011 செப்டம்பர் 15 அன்று இவ்வூரில்தான் தொடங்கிவைத்தார். அம்மியிலும் ஆட்டுக்கல்லிலும் கழிந்த பெண்களின் நேரத்தை மீட்டுத் தந்ததில் இந்த இயந்திரங்களுக்குப் பெரும் பங்கு உண்டு. ஆனால், அவை இல்லத்துக்கென வடிவமைக்கப்பட்டவை. வீட்டு மிக்சியின் அடியில் உள்ள தகட்டைப் பார்த்தால் பெரும்பாலும் 30 நிமிடம் என்று பொறிக்கப்பட்டிருக்கும். ஐந்து நிமிடம் ஓட்டி, இரண்டு நிமிடம் நிறுத்தி, மொத்தம் அரை மணி நேரம் வரை இயக்கலாம் என்பது அதன் பொருள். சிற்றுண்டிக் கடையிலோ உணவுக்கூடத்திலோ அதே மிக்சியைத் தொடர்ந்து ஓட்டினால் கார்பன் பிரஷ் தேய்ந்து, மோட்டாரின் செப்புச்சுருள் கருகும். உத்தரவாத அட்டையின் அடிக்குறிப்பைப் படித்தால், வணிகப் பயன்பாட்டுக்கு உத்தரவாதம் பொருந்தாது என்றும் பெரும்பாலும் எழுதியிருக்கும். இல்லத்து இயந்திரத்தைத் தொழிலுக்குப் பயன்படுத்துவது சிக்கனம் போலத் தோன்றும். ஆண்டு முடிவில் அது செலவாகவே முடியும்.

முதலில், வேலை எது என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். "மிக்சர்" என்னும் ஒரே சொல் சமையலறையில் நான்கு வேறுபட்ட இயந்திரங்களைக் குறிக்கிறது. சட்னியும் மசாலா விழுதும் அரைக்கும் வணிக மிக்சி முதலாவது. அதன் கத்தி நிமிடத்துக்குப் பல ஆயிரம் சுற்றுகள் சுழலும். வேகம் அதிகம், சூடும் அதிகம். இட்லி, தோசைக்கு அரைக்கும் கல் கிரைண்டர் இரண்டாவது. இது மெதுவாகச் சுழல்வதால் மாவு அதிகம் சூடேறுவதில்லை. உளுந்து காற்றை உள்வாங்கிப் பொங்கி வருகிறது. மிக்சியில் அரைத்த மாவில் இட்லி கெட்டிப்பட்டுப் போவதற்கு இந்த வேறுபாடே காரணம். 1955-இல் கோவையில் பி. சபாபதி மின்சாரக் கிரைண்டரை உருவாக்கினார் என்பதும், 'கோவை வெட் கிரைண்டர்' புவிசார் குறியீடு பெற்ற பொருள் என்பதும் நாம் பெருமைப்படத்தக்கவை. வணிகச் சமையலறைக்கு, டிரம்மைச் சாய்த்து மாவை வழித்தெடுக்கக்கூடிய 'டில்டிங்' வகையே ஏற்றது. கனமான கல்லைக் கையால் தூக்கி எடுக்கும் வகையை வாங்கினால், அதன் விலையை ஊழியரின் முதுகெலும்பு செலுத்தும்.

மூன்றாவது, 'பிளானட்டரி மிக்சர்' எனப்படும் கோள்முறைக் கலவை இயந்திரம். கிண்ணம் அசையாமல் நிற்க, கலக்கும் கருவி தன்னைத் தானே சுற்றிக்கொண்டு கிண்ணத்தின் உட்புறத்தையும் சுற்றி வரும். சூரியனைச் சுற்றும் கோளைப் போன்றது என்பதால் இப்பெயர். அமெரிக்காவின் ஹோபார்ட் நிறுவனப் பொறியாளர் ஹெர்பர்ட் ஜான்ஸ்டன், ரொட்டிக்கடைக்காரர் ஒருவர் இரும்புக் கரண்டியால் மாவைக் கிளறிக் களைத்துப்போவதைக் கண்டு, 1908-இல் இயந்திரக் கலவையைப் பற்றிச் சிந்திக்கத் தொடங்கியதாக வரலாறு சொல்கிறது. அதன் விளைவாக உருவான முதல் இயந்திரம் 80 குவார்ட், அதாவது சுமார் 76 லிட்டர் கொள்ளளவு கொண்டது. வீட்டுக்கான சிறிய வடிவம் 1919-இல்தான் வந்தது. கலவை இயந்திரம் தொழிற்கூடத்தில் பிறந்து, பிறகு இல்லத்துக்குள் நுழைந்தது என்பது கவனிக்கத்தக்கது. நம் ஊரில் மிக்சி இல்லத்தில் பழகி, பிறகு தொழிலுக்குள் நுழைந்ததால்தான், வீட்டு அளவுகோலை வைத்தே வணிக இயந்திரத்தையும் மதிப்பிடும் பழக்கம் ஏற்பட்டுவிட்டது.

கோள்முறை இயந்திரத்துடன் மூன்று கருவிகள் வரும். முட்டை, கிரீம் அடிக்கக் கம்பிக் கூண்டு. கேக் மாவு, உருளைக்கிழங்கு மசியல் போன்றவற்றுக்குத் தட்டைத் துடுப்பு. சப்பாத்தி, ரொட்டி மாவுக்குக் கொக்கி. பல வேலைகளை ஒரே இயந்திரம் செய்வதுதான் இதன் சிறப்பு. நான்காவது வகையான 'ஸ்பைரல் மிக்சர்' மாவு பிசைவதற்கென்றே உள்ளது. இதில் சுருள் கொக்கி சுழலும்போதே கிண்ணமும் சுழலும். மாவு சூடாவது குறைவு; இறுகிய மாவையும் எளிதில் கையாளும். வேறு வேலைக்கு இது பயன்படாது. பேக்கரியும் சிற்றுண்டியும் சேர்ந்த சமையலறைக்குக் கோள்முறை, நாள்தோறும் சப்பாத்தி, பரோட்டா மட்டுமே பெருமளவில் வேண்டுமென்றால் ஸ்பைரல், இட்லிக்குக் கிரைண்டர், சட்னிக்கு வணிக மிக்சி. ஒன்றின் வேலையை மற்றொன்றிடம் வாங்க முயல்வதில்தான் பழுதுகள் பலவும் தொடங்குகின்றன.

அடுத்தது கொள்ளளவு. 20 லிட்டர் இயந்திரம் என்றால் 20 கிலோ மாவு பிசையும் என்று பலரும் நினைக்கிறார்கள். லிட்டர் என்பது கிண்ணத்தின் அளவு; மோட்டாரின் வலிமை அன்று. 20 லிட்டர் கோள்முறை இயந்திரத்தில் ரொட்டி மாவு 10 கிலோ என்பதே பொதுவாக மேல் எல்லை. மாவில் நீர் குறையக் குறைய இந்த எல்லையும் சுருங்கும். ஒரு கிலோ மாவுக்கு 600 மில்லி நீர் சேர்த்துப் பிசைவதும், 500 மில்லி மட்டும் சேர்த்துப் பிசைவதும் மோட்டாருக்கு ஒன்றல்ல. இறுகிய மாவை முதல் வேகத்தில் மட்டுமே பிசைய வேண்டும். அவசரத்துக்கு வேகத்தைக் கூட்டினால் பல்சக்கரம் உடையும்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். 300 பேருக்கு இரவு உணவு. ஆளுக்கு மூன்று சப்பாத்தி. சப்பாத்தி ஒன்றுக்கு 40 கிராம் பிசைந்த மாவு. மொத்தம் 900 சப்பாத்திகளுக்கு 36 கிலோ வேண்டும். ஒரு கிலோ கோதுமை மாவுக்கு 600 மில்லி நீர் என்றால், 22.5 கிலோ மாவும் 13.5 லிட்டர் நீரும் தேவை. 20 லிட்டர் கோள்முறை இயந்திரத்தில் இதை நான்கு ஈடுகளாகப் பிசையலாம். போடவும் பிசையவும் எடுக்கவும் ஈடு ஒன்றுக்குக் கால் மணி நேரம் என்று வைத்தால், ஒரு மணி நேர வேலை. அந்த ஒரு மணி நேரம் உங்கள் சமையலறைக்குக் கிடைக்குமானால், அதைவிடப் பெரிய இயந்திரம் தேவையில்லை. கிடைக்காதென்றால், ஓர் ஈட்டில் 20 கிலோ பிசையும் இயந்திரத்தைப் பார்க்க வேண்டும். இப்படித் தாளில் கணக்குப் போட்டுக்கொண்டு கடைக்குச் செல்பவரிடம், விற்பவர் தேவைக்கு மேல் எதையும் திணிக்க முடியாது.

பெரியதை வாங்கினால் பிற்காலத்துக்கும் உதவும் என்ற எண்ணமும் முழுமையாகச் சரியன்று. பெரிய கிண்ணத்தில் சிறிதளவு பொருளைப் போட்டால் கருவி அதைச் சரியாகத் தொடாது. கலவை சீராக வராது. 40 லிட்டர் இயந்திரம் ஒன்றைக் காட்டிலும் 20 லிட்டர் இயந்திரங்கள் இரண்டு பல நேரங்களில் நல்ல முடிவாக இருக்கும். ஒன்று பழுதானாலும் பாதி வேலை நடக்கும். ஓர் இயந்திரம் குறிப்பிட்ட நாளில் பழுதாகும் வாய்ப்பு 100-க்கு 2 என்று கொண்டால், ஒன்றையொன்று சாராத இரண்டும் ஒரே நாளில் பழுதாகும் வாய்ப்பு 10,000-க்கு 4 மட்டுமே. முட்டைகளை இரு கூடைகளில் வைப்பதன் பயன் சமையலறைக்கும் பொருந்தும்.

குதிரைத்திறனைப் பற்றியும் ஒரு சொல். ஒரு குதிரைத்திறன் என்பது 746 வாட். இந்த எண்ணைவிட முக்கியமானது, அந்தத் திறனில் மோட்டார் எவ்வளவு நேரம் தொடர்ந்து ஓடும் என்பது. மோட்டாரின் தகட்டில் 'எஸ் 1' என்றிருந்தால் தொடர்ந்து இயங்கத்தக்கது. 'எஸ் 3' என்றிருந்தால் இடைவெளி விட்டு இயக்க வேண்டியது. தகடே இல்லாத மோட்டாரை வாங்காமல் இருப்பதே நல்லது. தொழிற்பேட்டையில் மும்முனை மின்சாரம் இருக்குமானால், அதற்குரிய மோட்டாரையே தேர்ந்தெடுக்கலாம். கெப்பாசிட்டர் பழுது என்ற தொல்லை அதில் இல்லை; பளு மிகுந்த மாவைத் தொடக்கத்திலேயே சுழற்றும் வலுவும் உண்டு. ஆனால், ஒரு முனை மின்சாரம் அறுந்து மற்ற இரண்டும் வரும்போது மோட்டார் கருகிவிடும். அதைத் தடுக்கும் ரிலேயும், பளு மிகுந்தால் துண்டிக்கும் அமைப்பும் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும்.

மோட்டாரின் ஆற்றலைக் கருவிக்குக் கொண்டு செல்வது பெல்ட்டா, பல்சக்கரமா என்பதும் கேட்கத்தக்கதே. பெல்ட் பளு மிகும்போது வழுக்கி மோட்டாரைக் காக்கும். தேய்ந்தால் சிறு செலவில் மாற்றலாம். பல்சக்கரப் பெட்டி வழுக்காமல் முழு ஆற்றலையும் தரும். ஆனால் எண்ணெய் பராமரிப்பு வேண்டும், உடைந்தால் செலவு அதிகம். அருகில் திறமையான பழுதுநீக்குநர் இல்லாத இடத்துக்குப் பெல்ட் வகை ஏற்றது. நாள் முழுவதும் இறுகிய மாவு பிசையும் இடத்துக்குப் பல்சக்கர வகை ஏற்றது.

உணவு படும் பாகங்கள் எந்த உலோகத்தால் ஆனவை? விற்பவர் காந்தத்தை ஒட்டிக் காட்டி, "ஒட்டவில்லை, எனவே 304 ரகம்" என்பார். இந்தச் சோதனை போதாது. விலை குறைந்த 202 ரகத்திலும் காந்தம் ஏறக்குறைய ஒட்டாது. 304 ரகத்தில் குரோமியம் சுமார் 18 விழுக்காடும் நிக்கல் சுமார் 8 விழுக்காடும் இருக்கும். 202 ரகத்தில் நிக்கலைக் குறைத்து மாங்கனீசு சேர்த்திருப்பார்கள். புளியும் உப்பும் எலுமிச்சையும் நாள்தோறும் படும் நம் சமையலில் இந்த வேறுபாடு சில ஆண்டுகளிலேயே துருப்புள்ளிகளாகத் தெரியவரும். விலைப்பட்டியலில் உலோக ரகத்தை எழுதித் தரச் சொல்வதும், சான்றிதழ் கேட்பதும் வாங்குபவரின் உரிமை. அரிப்புக்கு உள்ளாகாத, எளிதில் தூய்மை செய்யக்கூடிய கருவிகளையே பயன்படுத்த வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு விதிமுறைகளும் வலியுறுத்துகின்றன. கருவியையும் கிண்ணத்தையும் சில நிமிடங்களில் கழற்றிக் கழுவ முடிகிறதா என்பதைக் கடையிலேயே செய்து பார்க்க வேண்டும். கழற்றக் கடினமான பாகம் கழுவப்படாத பாகமாகவே இருக்கும்.

இனி, பேரம் பேசுவதற்கு இடமில்லாத பகுதிக்கு வருவோம். சுழலும் கொக்கிக்கு மாவுக்கும் மணிக்கட்டுக்கும் வேறுபாடு தெரியாது. கிண்ணத்தின் ஓரத்தில் ஒட்டிய மாவை ஓடும்போதே கையால் தள்ளிவிடுவது நம் சமையலறைகளில் அன்றாடக் காட்சி. சேலைத் தலைப்பு, துப்பட்டா, வளையல், பின்னல் ஆகிய எதுவும் சுழலும் தண்டில் ஒரு கணத்தில் சிக்கிக்கொள்ளும். 2024 ஆகஸ்டில் காக்களூரில் உள்ள ஆவின் பால் பண்ணையில் பெண் தொழிலாளி ஒருவர், துப்பட்டாவும் தலைமுடியும் இயந்திரத்தில் சிக்கி உயிரிழந்தார். அது சமையலறை இயந்திரம் அன்று. ஆனால் சுழலும் தண்டு எங்கிருந்தாலும் அதன் இயல்பு ஒன்றுதான்.

ஆகவே, நான்கு பாதுகாப்பு அமைப்புகள் இல்லாத இயந்திரத்தை எந்த விலைக்கும் வாங்கக் கூடாது. முதலாவது, கிண்ணத்தின் மேல் கம்பிக் காப்பு. அதைத் திறந்த உடனே இயந்திரம் தானாக நிற்க வேண்டும். இரண்டாவது, எளிதில் எட்டும் இடத்தில், உள்ளங்கையால் தட்டி நிறுத்தக்கூடிய சிவப்பு நிற அவசரப் பொத்தான். மூன்றாவது, மின்தடை நீங்கி மின்சாரம் திரும்பும்போது இயந்திரம் தானாக ஓடத் தொடங்காத அமைப்பு. மின்சாரம் போயிருக்கும் நேரத்தில்தான் கிண்ணத்துக்குள் கைவிட்டுத் தூய்மை செய்வார்கள் என்பதால், நம் ஊருக்கு இது இன்றியமையாதது. நான்காவது, முறையான நிலஇணைப்பும், 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி கருவியும். ஈரத்தரையில் நின்று வேலை செய்பவரின் உயிருக்கு இதுவே காப்பு. இயந்திரத்தின் ஆபத்தான பாகங்களுக்குக் காப்பு வேண்டும் என்பது 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 21-ஆம் பிரிவிலேயே சொல்லப்பட்டது. வாங்கும்போதே அது இயந்திரத்தோடு வந்துவிட வேண்டும். பிறகு பொருத்திக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்தால் அது எப்போதும் பொருத்தப்படாமலேயே போகும்.

சட்டம் விரல்களுக்குக் கணக்கு வைத்திருக்கிறது. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் முதல் அட்டவணை, கட்டைவிரலை இழந்தால் வருவாய் ஈட்டும் திறனில் 30 விழுக்காடு இழப்பு என்றும், ஆள்காட்டி விரலை முழுவதும் இழந்தால் 14 விழுக்காடு என்றும் மதிப்பிட்டது. சப்பாத்தி தேய்க்கும் பெண்ணுக்குக் கட்டைவிரல் போனால் 30 விழுக்காடு மட்டுமா போகும்? அவருக்குத் தெரிந்த தொழிலே போய்விடும். அந்த இழப்பு ஆலையின் கணக்கேட்டில் ஏறுவதில்லை. ஒரு குடும்பத்தின் அடுப்பில்தான் தெரியும். ஒருவர் எடுக்கும் முடிவின் செலவை மற்றொருவர் சுமப்பதைப் பொருளியலில் புறச்செலவு என்போம். காப்பு இல்லாத இயந்திரத்தின் குறைந்த விலை என்பது உண்மையில் இப்படி மற்றவர் தோளில் ஏற்றப்பட்ட செலவே.

இப்போது விலைக்கு வரலாம். விளக்கத்துக்காகச் சில எண்களை எடுத்துக்கொள்வோம். 'அ' இயந்திரத்தின் விலை ரூ.60,000, நான்கு ஆண்டுகள் உழைக்கும், ஆண்டுக்குப் பழுதுச் செலவு ரூ.9,000, ஐந்து நாள்கள் நின்றுவிடும். 'ஆ' இயந்திரத்தின் விலை ரூ.1,00,000, எட்டு ஆண்டுகள் உழைக்கும், பழுதுச் செலவு ரூ.4,000, ஒரு நாள் நிற்கும். இயந்திரம் நிற்கும் நாளில் கூடுதல் ஆள் வைக்கவோ, வெளியில் சப்பாத்தி வாங்கவோ ரூ.2,500 கூடுதல் செலவு என்று கொள்வோம். கடன் வட்டி 12 விழுக்காடு. சராசரியாக முதலில் பாதிக்கு வட்டி. 'அ'வின் ஆண்டுச் செலவு: தேய்மானம் 15,000, பழுது 9,000, நின்ற நாள்கள் 12,500, வட்டி 3,600, மொத்தம் ரூ.40,100. 'ஆ'வின் ஆண்டுச் செலவு: தேய்மானம் 12,500, பழுது 4,000, நின்ற நாள் 2,500, வட்டி 6,000, மொத்தம் ரூ.25,000. விலையில் ரூ.40,000 மலிவான இயந்திரம், ஆண்டுதோறும் ரூ.15,100 கூடுதலாகத் தின்கிறது. 'ஆ' எட்டு ஆண்டுகளுக்குப் பதில் ஐந்தே ஆண்டுகள் உழைத்தாலும் அதன் ஆண்டுச் செலவு ரூ.32,500-ஐத் தாண்டாது. வாசகர்கள் தங்கள் சமையலறையின் எண்களை இட்டு இதே கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். விலை கூடியது எப்போதும் சிறந்தது என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். அது பழுதின்றி உழைக்கும் என்பதற்குச் சான்று இருந்தால் மட்டுமே இந்தக் கணக்கு செல்லும்.

மின்கட்டணத்தையும் இந்தக் கணக்கில் அதற்குரிய இடத்தில் வைக்க வேண்டும். ஒன்றரைக் குதிரைத்திறன் பிசையும் இயந்திரம் நாளுக்கு ஒரு மணி நேரம் ஓடினால் செலவாவது சுமார் 1.1 யூனிட். யூனிட்டுக்கு ரூ.8 என்று கொண்டால் நாளுக்கு ரூ.9, அதில் சிறு சேமிப்பைத் தேடிப் பயனில்லை. இரண்டு குதிரைத்திறன் கிரைண்டர் நாளுக்கு ஐந்து மணி நேரம் ஓடினால் சுமார் 7.5 யூனிட், 300 வேலை நாள்களுக்கு ரூ.18,000. இங்கே மோட்டாரின் திறன் பேசும். எந்த இயந்திரத்தில் எந்தச் செலவு பெரியதோ, அதில்தான் கவனம் செலுத்த வேண்டும்.

வரியும் மானியமும் முடிவை எப்படிப் பாதிக்கின்றன என்பதையும் அறிய வேண்டும். 2022 ஜூலையில் வெட் கிரைண்டர் மீதான ஜிஎஸ்டி 5 விழுக்காட்டிலிருந்து 18 விழுக்காடாக உயர்ந்தது. 5 விழுக்காடு வரி செலுத்தும் உணவகங்கள் உள்ளீட்டு வரியைத் திரும்பப் பெற முடியாது என்பதால், இயந்திரத்துக்குக் கட்டும் வரி முழுவதும் அவற்றுக்குச் செலவே. மறுபுறம், 2020-இல் தொடங்கப்பட்ட பிரதமரின் குறு உணவு பதப்படுத்தும் நிறுவனங்களை முறைப்படுத்தும் திட்டத்தில், தகுதியுள்ள குறுந்தொழில்களுக்குத் திட்டச் செலவில் 35 விழுக்காடு, உச்சமாக ரூ.10 லட்சம் வரை, கடனுடன் இணைந்த மானியம் உண்டு. மாவு அரைத்து விற்கும் மகளிர் குழுக்கள் இதைப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும். எனினும், மானியம் விலையைத்தான் குறைக்கும், பழுதைக் குறைக்காது. மானியம் கிடைக்கிறதே என்று தேவைக்கு மேல் பெரியதை வாங்கிக் கடன்பட்ட குழுவுக்கு அந்த இயந்திரம் சுமையாகவே நிற்கும்.

அரசுச் சமையலறைகளுக்கும் இதில் பாடம் உண்டு. பள்ளி மாணவர்களுக்கான முதல்வரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி, 2024 ஜூலையில் ஊரகப் பகுதிகளின் அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கு விரிவுபடுத்தப்பட்டபோது, அந்த விழா இதே திருவள்ளூர் மாவட்டத்தின் கீழச்சேரியில் நடந்தது. மக்கள் பணத்தில் இயங்கும் சமையலறைகளுக்கு இயந்திரம் வாங்கும்போது ஒப்பந்தப்புள்ளி முறை தவிர்க்க முடியாதது. மிகக் குறைந்த விலை கேட்டவருக்கே ஒப்பந்தம் என்று அதை நாம் சுருக்கிவிட்டோம். ஒப்பந்த ஆவணத்திலேயே மோட்டாரின் இயங்கு தன்மை, உலோக ரகம், பாதுகாப்பு அமைப்புகள், பழுது நீக்க வேண்டிய கால அளவு, ஐந்தாண்டுப் பராமரிப்புச் செலவு ஆகியவற்றை அளவிடத்தக்க நிபந்தனைகளாக எழுதிவிட்டால், குறைந்த விலையும் நல்ல இயந்திரமும் ஒன்றாகவே வந்து சேரும். நிபந்தனைகளை எழுதாமல் விட்டுவிட்டு விதியைக் குறை சொல்வதில் பயனில்லை.

இறுதியாக, வாங்கும் நாளில் செய்ய வேண்டியவை சில. இயந்திரத்தை வெறுமனே ஓடவிட்டுப் பார்த்து மயங்கக் கூடாது. உங்கள் கோதுமை மாவை, உங்கள் அரிசியை எடுத்துச் சென்று, முழு ஈட்டைப் போட்டு ஓட்டச் சொல்லுங்கள். அரைமணி நேரத்துக்குப் பிறகு மோட்டார் உறையின் சூட்டையும் மாவின் சூட்டையும் பாருங்கள். ஓடும்போது காப்பைத் திறந்து, இயந்திரம் நிற்கிறதா என்று சோதியுங்கள். பெல்ட், பிரஷ், பேரிங், ஸ்விட்ச் ஆகியவை எங்கே கிடைக்கும், என்ன விலை, அழைத்தால் எத்தனை மணி நேரத்தில் ஆள் வருவார் என்பதை விலைப்பட்டியலிலேயே எழுதி வாங்குங்கள். அதே இயந்திரத்தை இரண்டு ஆண்டுகளாகப் பயன்படுத்தும் சமையலறை ஒன்றின் முகவரியைக் கேட்டு, அங்கே முதலாளியிடம் பேசாமல் சமையற்காரரிடம் பேசுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, நாளை அந்த இயந்திரத்தின் முன் நிற்கப் போகிறவரைக் கடைக்கு அழைத்துச் செல்லுங்கள். அவரது உயரத்துக்குப் பொத்தான் எட்டுகிறதா, கிண்ணத்தை அவரால் இறக்க முடிகிறதா, பெயர்ப்பலகையின் எழுத்து அவருக்குப் புரிகிறதா என்பதை அவரே சொல்ல முடியும். கொள்முதல் பிரிவின் மேசைக்கும் சமையலறையின் ஈரத்தரைக்கும் இடையே உள்ள தொலைவைக் குறைக்க இதைவிட எளிய வழி இல்லை.

ஆண்டுதோறும் ஆயுத பூஜையன்று நம் தொழிற்கூடங்களில் இயந்திரங்களைத் துடைத்துச் சந்தனமும் குங்குமமும் இட்டு வணங்குகிறோம். உழைக்கும் கருவியை மதிக்கும் நல்ல மரபு அது. இவ்வாண்டு அந்த நாளில் சமையலறைக்கும் சென்று, கழற்றி மூலையில் வைக்கப்பட்டிருக்கும் கம்பிக் காப்பை எடுத்து மீண்டும் பொருத்திவிட்டு வருவோமானால், கருவியோடு அதை இயக்கும் கைகளையும் மதித்தவர்களாவோம்.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு).